என் மனைவி பார்க்கக் கூடாத ஸ்லைடு

என் மனைவிக்கு உலகத்தில் இரண்டே நிறங்கள்தான். நீலம், பழுப்பு. நீலம் என்றால் இல்லை, பழுப்பு என்றால் இருக்கிறது. ஒரு பெரிய மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே சேர்ந்த நாளிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. நான் ஒருமுறை ஆசைப்பட்டுப் பழுப்புச் சட்டை ஒன்று எடுத்து வந்தேன். அதைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். அந்தச் சட்டை இப்போது கிரீஸ் துடைக்கும் துணியாக என் பையில் கிடக்கிறது.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவளைப் பற்றி எழுதச் சொன்னால் அவளே எழுதிவிடுவாள், என்னைவிட நன்றாகவும் எழுதுவாள். அதனால்தான் அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் முதலில் சந்தித்ததே அந்த மருத்துவமனையில் நின்றுபோன லிஃப்டில். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. கதவை ஒரு சாண் அளவுக்கு நெம்பித் திறந்தேன். உள்ளே ஒருவர் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒருவர் என் கம்பெனியின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். இவள் மட்டும் ஒரு தெர்மாகோல் பெட்டியை அந்த இடுக்கு வழியாக நீட்டினாள். தன்னை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முதலில் இதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வை, சூடேறினால் கெட்டுவிடும் என்றாள். நானும் பெரிய வீரன் மாதிரி ஓடிப்போய் கான்டீனில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். உறைந்தாலும் கெட்டுப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நல்லவேளை, உறைவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த திட்டு இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த குப்பிகள்தான் அவள் பிழைப்பு. அவள் வேலை என்னவென்று, கல்யாணமான புதிதில் எனக்குப் புரியும்வரை விடாமல் சொன்னாள். புரியாமல் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவாள். உடம்பில் கட்டி வந்தால் அதை எடுத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு கண்ணாடித் தகட்டில் அள்ளி எடுப்பார்கள். அந்தத் தகடுதான் ஸ்லைடு. அதை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வார். பல நோய்களுக்கு அதுவே போதும்.

நிணநீர்ப் புற்றுநோய்க்கு அது போதாது. பெயர் ஒன்றுதான் என்றாலும் அதற்குள் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது, பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை, ஒன்றுவிட்ட தம்பி என்று. அதில் சில வகைகள் கண்ணுக்கு ஒரே அச்சு. கடுகைக் கொட்டி வைத்த மாதிரி சின்னச் சின்ன உருண்டை உயிரணுக்கள். ஒன்று சாது, வருஷக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கிடக்கும். இன்னொன்று அப்படி இல்லை, பெரும்பாலும் சீக்கிரமே மருந்தைத் தொடங்கியாக வேண்டும். முகத்தை வைத்து அது யார் என்று சொல்ல முடியாதபோது, அது கையில் என்ன வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அணுவிடம் இருக்கும் புரதங்களைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு புரதத்தையும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ள ஒரு குப்பி உண்டு. அதிலிருந்து ஒரு துளி விட்டு நிறமேற்றினால், புரதம் இருக்கிற இடம் பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். ஒரே புரதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நாலைந்தைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு ஸ்லைடிலும் நோயாளியின் துண்டோடு இன்னொரு துண்டையும் வைப்பார்கள். அது யாருடையதோ பழைய துண்டு, விடை ஏற்கெனவே தெரிந்தது. அது கட்டாயம் பழுப்பாக வந்தாக வேண்டும். வராவிட்டால் அன்றைக்குத் துளி வேலை செய்யவில்லை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய் என்று அர்த்தம். அவர்கள் அதற்குக் கன்ட்ரோல் என்பார்கள். நான் சாட்சித் துண்டு என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் அவளுக்கும் பிடித்துப்போய், இப்போது பரிசோதனைக் கூடத்திலேயே ஓடுகிறது.

இந்தச் சாட்சிப் பழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தெர்மாமீட்டரைத் தன் வாயில் வைத்துக்கொள்வாள். தனக்குக் காய்ச்சல் இல்லை என்று அவளுக்குத் தெரியுமாம், தனக்கே காய்ச்சல் காட்டினால் கருவி பொய் சொல்கிறதாம். நான் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடப்பேன், அவள் வாயில் கருவியோடு கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் உண்டு. அவள் போட்ட ஸ்லைடில் குறை சொல்ல முடியாது. அவளிடம் எதிலுமே குறை சொல்ல முடியாது என்பதுதான் அவளிடம் உள்ள ஒரே குறை. தப்பு என்ற சொல்லை அவள் மற்றவர்களுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தாள். நான் அவளைப் பெரிய டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன், அதில் இருக்கும் கிண்டல் அவள் காதில் விழுவதே இல்லை.

எங்களுக்கு மேல் மாடியில் என் அக்கா இருக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. வாழ்க்கையையே ஒரு தேர்வுத்தாளாக நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பவள். அவளுக்கும் என் மனைவிக்கும் ஆகாது. பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அக்கா மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள், அது எங்கள் கொடியில் காயும் துணிமேல் சொட்டும். எங்கள் கதவு காற்றில் அறைந்துகொள்ளும், அக்காவின் மதியத் தூக்கம் கெடும். இதை வைத்துக்கொண்டே இருவரும் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டார்கள். நேருக்கு நேர் பேச்சு குறைவு. "உன் பெண்டாட்டியிடம் சொல்", "உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்" என்று எல்லாம் என் வழியாகத்தான். இரண்டு மாடிக்கும் ஏறி இறங்கும் லிஃப்ட் நான்தான், எனக்குப் பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் அக்கா பேச்சுவாக்கில், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, ஆனால் வலியெல்லாம் இல்லை என்றாள். நான் கீழே வந்து வேறு எதையோ சொல்லும்போது இதையும் சொன்னேன். என் மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வலித்தால் நான் பயப்பட மாட்டேன் என்றாள். அடுத்த நாளே மேல் மாடிக்குப் போய், கணக்கு டீச்சரை ஒரு வார்த்தை பேசவிடாமல் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டியை எடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்தின் டாக்டரம்மா முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, நிணநீர்ப் புற்றுநோய்தான், ஆனால் எந்த வகை என்று இப்போது சொல்ல மாட்டேன் என்றார். அதே கடுகு மாதிரி அணுக்கள். சாதுவாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். அந்த மற்றதன் பெயர் மேன்டில் என்று என் மனைவி எனக்குச் சொன்னாள், தணிந்த குரலில். இரண்டையும் பிரிக்க மூன்று ஸ்லைடுகள் முக்கியம் என்றாள். சிடி ஐந்து என்ற புரதம் இரண்டு வகைக்கும் பழுப்பாக வரும், அதை வைத்துப் பிரிக்க முடியாது. சிடி இருபத்து மூன்று பழுப்பானால் பெரும்பாலும் சாது. சைக்ளின் என்று ஒன்று, அது பழுப்பானால் மேன்டில். அக்காவிடம் நாங்கள் பாதிதான் சொன்னோம். அக்கா மீதியைக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தக்காரர்களின் திசுவை யாரும் தொடக் கூடாது, ஸ்லைடைப் பார்க்கவும் கூடாது. கை நடுங்கும், கண் ஏமாற்றும் என்று டாக்டரம்மா வைத்த விதி. அதனால் அக்காவின் துண்டு இன்னொரு டெக்னீஷியனிடம் போனது. அவன் இடதுகைப் பழக்கமுள்ளவன், அவன் பெயரே அங்கே இடதுகைதான். நல்ல பையன், வேலையில் சுத்தம். ஆனால் என் மனைவிக்கு யார் வேலையும் தன் வேலை மாதிரி ஆகாது. வீட்டில் அவனைப் பற்றி அவள் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டு, அவனைப் பார்க்காமலேயே எனக்கு அவன் தம்பி மாதிரி ஆகிவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள். என் டீயை அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. தலைவலியா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். ஸ்லைடு வந்ததா என்று கேட்டேன். டாக்டரம்மா சீக்கிரம் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமைதான் பார்ப்பார் என்றாள். அது பொய்யில்லை. நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள்தான் கூத்து. அவள் முகம் வீங்கியிருந்தது, தலைவலி விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். காலையில் எழுந்து எங்கள் கொடியில் இருந்த ஈரத்துணி எல்லாவற்றையும் அவளே எடுத்து அறைக்குள் போட்டாள். பிறகு ஒரு பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு மேலே போனாள். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், அவள் கையாலேயே. திரும்பி வந்து எங்கள் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டாள். மத்தியானம் மறுபடி சாப்பாடு கொண்டு போனாள். அக்காவின் கால் விரல் நகத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டாளாம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நோய் வந்தால்தான் மனுஷ மனசு இளகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முட்டாள் மாதிரி விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என்னை மேலே கூப்பிட்டாள். தலைவாரி, நல்ல உடை உடுத்தி, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னையும் எதிரில் உட்காரச் சொன்னாள்.

"டேய், பொய் சொல்லாம சொல்லு. எனக்கு முத்திப்போச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் முடிவே வரவில்லையே என்றேன். அக்கா என்னைப் பேசவிடவில்லை. சூப்பில் உப்பே இல்லை என்று நேற்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தாளாம். உப்பு சரியாகத்தான் இருந்ததாம். என் மனைவி அதற்கு, "ஆமா அண்ணி, என் தப்புதான்" என்றாளாம். அக்கா அந்த வார்த்தைகளை என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவ தப்புன்னு ஒத்துக்கிட்டாடா. அவ அங்கதான வேலை செய்யறா. அவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

என் அக்கா கணக்கு டீச்சர். படி தவறாமல் போய் விடையைப் பிடிக்க அவளுக்குத் தெரியும். கீழே போய்க் கேட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

என் மனைவி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டதை அப்படியே சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு துண்டு துண்டாக விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பிறகு, இடதுகையின் மேசையில் அக்காவின் ஸ்லைடுகள் தட்டில் காய்ந்துகொண்டிருந்திருக்கின்றன. பார்க்கக் கூடாது என்று தெரியும். கதவுவரை போய்த் திரும்பி வந்திருக்கிறாள். மைக்ராஸ்கோப் பக்கம் போகவில்லை. பழுப்பாகியிருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். சைக்ளின் ஸ்லைடை மட்டும் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்திருக்கிறாள். யாரோ வரும் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டாள். மற்ற ஸ்லைடுகளைப் பார்க்க அவளுக்குத் தைரியமும் இல்லை.

"பழுப்புங்க. கீழ்ப்பக்கம் அப்படியே செங்கல் மாதிரி. அதுக்கு மேல பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு அழுகை வந்தால் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது, ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். மேல்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டேன். எது என்றாள். அதான் அந்தச் சாட்சித் துண்டு, லேபிளுக்குப் பக்கத்தில் மேலே வைப்பேன் என்று சொல்வாயே, அது என்றேன். உண்மையில் எனக்கு எந்த யோசனையும் இல்லை. செத்த வீட்டில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"மேல நீலம்" என்றாள்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சி நீலமாக வரலாமா என்று கேட்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இடதுகை" என்றாள். "அவன் தலைகீழா வைப்பான்."

இவள் எப்போதும் சாட்சியை மேலே வைப்பாள், நோயாளியைக் கீழே. இடதுகை வேலை கற்ற இடம் வேறு, கையும் வேறு. அவன் நோயாளியை மேலே வைத்து, சாட்சியைக் கீழே வைப்பான். தெரியாத விஷயமில்லை. அதற்காக அவனோடு வாய்ச்சண்டை போட்டு, டாக்டரம்மாவரை பஞ்சாயத்துக்குப் போனவளே இவள்தான். துண்டின் வடிவத்தைப் பார்த்தே யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும், எப்படியாவது வையுங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஸ்லைடைக் கையில் எடுத்ததும் கண் நேராகக் கீழ்த்துண்டுக்குத்தான் போயிருக்கிறது. அங்கே பழுப்பைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை. மேலே சாட்சி நீலமாக இருக்கிறதே, அப்படி இருக்க முடியாதே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சாட்சியைப் பார் என்று சொல்பவள், தெர்மாமீட்டரைக்கூட நம்பாதவள்.

அப்படியானால் கீழே இருந்த பழுப்பு சாட்சியுடையது, மேலே இருந்த நீலம்தான் அக்காவுடையது. நான் மேலே ஓடப் பார்த்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாள். தப்பாகப் பார்த்தது போதும், நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு அதுவும் தப்பானால் என்ன செய்வது என்றாள். இடதுகையிடமாவது கேட்கலாமே என்றேன். அவன் விடுமுறை நாளில் மீன் பிடிக்கப் போய்விடுவான், போனை எடுக்க மாட்டான். எடுத்தாலும் பயனில்லை, ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டரம்மாதான் என்றாள். நியாயம்தான். ஆனால் மேலே ஒருத்தி தலைவாரிக்கொண்டு தீர்ப்புக்காக உட்கார்ந்திருக்கிறாளே என்றேன்.

அவள் முகம் கழுவிக்கொண்டு தானே மேலே போனாள். நான் படிக்கட்டில் பாதி வழியில் நின்றுகொண்டேன், ஏறவும் முடியவில்லை இறங்கவும் முடியவில்லை. கதவு திறந்தே இருந்தது. "நான் பார்க்கக் கூடாததைப் பார்த்துட்டேன் அண்ணி. அதையும் தப்பாப் பார்த்திருப்பேன்னு இப்ப தோணுது. நாளைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் நானும் இங்கயே இருக்கேன்" என்று அவள் சொன்னது கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ரேடியோ பாடத் தொடங்கியது. அன்று முழுக்க அவள் கீழே வரவே இல்லை. நறுக்கி வைத்த காயை நானே எதையோ செய்து நானே தின்றேன்.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா வந்ததும் என் மனைவி முதலில் தன் குற்றத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். இவள் கதவோரம் நின்றிருக்கிறாள். அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாராம், அப்போது இவளுக்கு உயிரே போய்விட்டதாம். பிறகு கிட்டே வரச் சொல்லி, முடிவு வந்துவிட்டதால் இனிமேல் நீயும் பார்க்கலாம் என்றாராம். சிடி ஐந்து பழுப்பு. இருபத்து மூன்றும் பழுப்பு. சைக்ளினில் அக்காவின் அணுக்கள் எல்லாம் நீலம். அந்த நீலத்தை நம்பலாமா என்பதற்கும் அந்தத் துண்டுக்குள்ளேயே ஆதாரம் இருந்ததாம்: ரத்தக் குழாயின் சுவரில் இருக்கும் அணுக்கள் எப்போதும் சைக்ளினுக்குக் கொஞ்சம் பழுப்பாகும், அவை ஆகியிருந்தன. துளி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. மேன்டில் இல்லை, சாதுதான்.

அதற்குப் பிறகு அவர் கொடுத்த திட்டை என் மனைவி எனக்கு முழுசாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க ஆசையாக இருந்தும். இனிமேல் எல்லோரும் ஒரே மாதிரிதான் வைக்க வேண்டும் என்று அன்றே புது விதி வந்துவிட்டது. எந்த மாதிரி என்று தெரியுமா? இடதுகை மாதிரி. அவள் இன்றைக்குவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறாள்.

சில நாள் கழித்து ரத்த நோய் மருத்துவரிடம் மூவரும் போனோம். அவர் அக்காவின் கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் தடவிப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்தார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், சில மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும், மருந்து தேவைப்படுகிற காலம் வந்தால் அப்போது கொடுக்கலாம், சிலருக்குத் தேவைப்படாமலே போய்விடுகிறது என்றார். அக்காவுக்கு இந்த விடை பிடிக்கவில்லை. நோய் இருக்கிறதா இல்லையா என்றாள். இருக்கிறது என்றார். அப்படியானால் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்றாள். அவர் பொறுமையாகச் சொன்னார், இது அவசரப்படாத நோய், நாம் முந்திக்கொண்டு மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை என்று. அக்கா கடைசியில் என் மனைவியின் பக்கம் திரும்பினாள். என் மனைவி தலையசைத்த பிறகுதான் எழுந்தாள்.

வெளியே நடைபாதையில் நாற்காலி வரிசை. அக்கா கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றாள். பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்தாள். நான் எதிர்ச் சுவரோரம் நின்றேன். உன் கண்ணை நம்பி நான் உயிலே எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று அக்கா குத்திக் காட்டினாள். என் மனைவி, "தப்புதான் அண்ணி. ரெண்டு நாள் உங்களைச் சாகடிச்சிட்டேன்" என்றாள். உப்பு விஷயத்தில் சொன்ன மாதிரி இல்லை, இந்தத் தடவை அது நிஜமாக வந்தது.

அக்கா தன் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போயிட்டா நீ நிம்மதியா இருப்பேன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சிட்டிருந்தேன். அன்னைக்குப் பாத்திரத்தை வெச்சுக்கிட்டு வாசல்ல நின்ன பாரு, அழுது வீங்கின மூஞ்சியோட. எனக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா எனக்குன்னு அழ ஒருத்தி இருக்கான்னும் தெரிஞ்சுது. பயத்துலயும் அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்."

என் மனைவி அக்காவின் கையிலிருந்து பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கிற மாதிரி நின்றேன். ஒரு எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.